ரேஷனுக்குப் பதிலாகப் பணமே கொடுத்துவிடலாமா?

கேள்வி: 2025 ஜூலை 6, காலை

இன்று ரேஷன் கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அரிசி கிடைத்தது. பருப்பு இன்னும் வரவில்லையாம், பாமாயிலுக்கு "அடுத்த வாரம் பாருங்க" என்றார்கள். இதற்கு எதற்கு இத்தனை கடை, கிடங்கு, லாரி, ஊழியர்? ஓர் அட்டைக்கு என்ன செலவாகிறதோ அதை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. வரிசையும் இல்லை, எடைக்குறைவும் இல்லை. யாருக்காவது மறுப்பு இருக்கிறதா?

ஜூலை 6, இரவு

எனக்கு இருக்கிறது. நீங்கள் சொல்வதை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் செய்து பார்த்தாகிவிட்டது.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் என்று தொடங்கினார்கள். பிறகு மாநில அரசு கொடுத்த இலவச அரிசியும் பணமாக மாறியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்கு 300. அரிசியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதைய முதல்வர் நாராயணசாமி, பணமாகத்தான் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுப் போராடினார்கள். 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், பூட்டிய கடைகளைத் திறந்து மறுபடி அரிசி போட்டார்கள். சுமார் ஒன்பது வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார்கள்.

என் அத்தை புதுச்சேரியின் வில்லியனூரில் இருக்கிறார். சிவப்பு அட்டை. பணம் வந்த காலத்தில் அவர் பட்டதை நேரில் பார்த்தேன். பணம் ஏறியதா என்று தெரிந்துகொள்ள வங்கிக்கு நடை. ஏறவில்லை என்றால் இன்னொரு நடை. ஏறியிருந்தால் எடுக்க ஒரு நடை. எடுத்த பிறகு மளிகைக் கடைக்கு ஒரு நடை. அந்த மாதம் கடையில் அரிசி விலை ஏறியிருந்தால் 600 ரூபாய்க்கு 20 கிலோ வராது. அரிசி விலை ஏறினாலும் கணக்கில் ஏறும் தொகை ஏறாது.

"அரிசி வீட்டுக்கு வந்தா அது அரிசிதான், கண்ணு. காசு வந்தா அது யார் காசுன்னு ஒரு பேச்சு வரும்" என்றார் அத்தை. மாமா குடிப்பார்.

ஜூலை 7

நேற்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன். காலையில் அத்தையிடம் போனில் கேட்டேன். பணம் வந்த மாதங்களில் தனக்குப் பிடித்த ஒரு காரியமும் நடந்தது என்றார். அதற்கு முன்னால் கடையில் போட்ட அரிசியில் நெடி வரும், மூன்று முறை கழுவினாலும் போகாது. பணம் வந்தபோது பத்து கிலோவாக இருந்தாலும் நல்ல பொன்னி வாங்கினாராம். தன் இஷ்டத்துக்கு அரிசி வாங்கியது அந்த வருடங்களில்தான் என்று சொன்னபோது குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது.

ஆகவே பணம் கெட்டது, பொருள் நல்லது என்று நான் வாதாடப் போவதில்லை. கேள்வி கேட்டவர் நொந்தது வரிசையாலும் இரண்டாவது தடவை போக வேண்டியிருந்ததாலும். பணமாக மாற்றினால் வரிசை கடை வாசலிலிருந்து வங்கி வாசலுக்குப் போகும். கடையைச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் பார்க்கலாம். முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 9

"கடைக்காரன் திருடன், அவனை மாற்றினால் எல்லாம் சரியாகும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன்.

என் அப்பா ரேஷன் கடை விற்பனையாளர். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அந்தக் கடையின் சாக்கு மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிடங்கிலிருந்து லாரி வரும். ஒரு மூட்டை 50 கிலோ என்று சீட்டில் இருக்கும். சாக்கே அரை கிலோவுக்கு மேல் எடை. குத்தூசி போட்ட ஓட்டை வழியாக அரிசி சிந்தும். கிடங்கில் ஏற்றும்போது சிந்தும், லாரியில் சிந்தும், நம் வாசலில் இறக்கும்போதும் சிந்தும். சிந்தாமலேயே குறைந்து வருகிற மூட்டைகளும் உண்டு. அப்பா சந்தேகப்பட்டு எடை போட்ட ஒரு மூட்டை, சாக்கோடு சேர்த்து 48 கிலோ 200 கிராம் இருந்தது. தராசு முள் நின்ற இடத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஏழாம் வகுப்பு. "எத்தனை குறையுது சொல்லு" என்றார். கணக்குப் போட்டுச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, சீட்டில் 50 என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போடவில்லை என்றால் லோடு திரும்பிப் போகும், அந்த மாதம் ஊருக்கு அரிசி கிடையாது.

ஒரு லோடில் 100 மூட்டை, மூட்டைக்கு ஒரு கிலோ குறைகிறது என்று வையுங்கள். 100 கிலோ. நாலு பேர் உள்ள அட்டைக்கு 20 கிலோ என்றால் ஐந்து வீட்டு அரிசி கடைக்கு வந்து சேரவே இல்லை. ஆனால் கணக்கில் வந்துவிட்டது. அதிகாரி வந்து இருப்பைப் பார்த்தால் குறைவுக்கு அபராதம் விற்பனையாளருக்கு. அவர் என்ன செய்வார்? கைக்காசைக் கட்டுவார், அல்லது ஒவ்வொரு அட்டையிலும் முந்நூறு கிராம் நானூறு கிராம் கை வைப்பார். அப்பா கைக்காசைக் கட்டினார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பணத்துக்காக வீட்டில் நடந்த சண்டைகள் எனக்கு நினைவிருக்கின்றன. மற்றவர்கள் எல்லோரும் அப்படிக் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். திருட்டும் நடந்தது. கள்ளச்சந்தைக்கு மூட்டையோடு போனதும் உண்டு.

இப்போது தராசையும் விற்பனை மிஷினையும் புளூடூத்தில் இணைத்திருக்கிறார்கள். எடை சரியாக இருந்தால்தான் பில் வரும். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். ஆனால் அட்டைதாரருக்குப் போடும் எடை மிஷினில் ஏறுகிறதே, கடைக்கு வந்து இறங்கும் எடை எங்கே ஏறுகிறது? ஒவ்வொரு மூட்டையையும் வாசலில் வைத்து எடை போட்டு, அந்த எடைதான் கடைக் கணக்கு என்றால் பாதிப் புகார் நின்றுவிடும். விற்பனையாளர்கள் இதைத்தான் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள்.

"மூட்டை கடைக்குள்ள வந்த பிறகு குறைஞ்சா அதுக்குப் பேர் திருட்டு. வர்றதுக்கு முன்னாடி குறைஞ்சா அதுக்குப் பேரே கிடையாது" என்பார் அப்பா.

ஜூலை 10

சத்தீஸ்கரில் ரேஷனை எப்படிச் சீர்செய்தார்கள் என்று கேட்டவருக்கு. அங்கே 2004-ல் தனியாரிடம் இருந்த ரேஷன் கடைகளைப் பிடுங்கி ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் கொடுத்தார்கள். நெல் கொள்முதலிலிருந்து கடை வரை கணினிக் கணக்கு. கடை நடத்துகிறவருக்குக் கமிஷனைக் கூட்டினார்கள். ரேஷன் லாரிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள், வழி மாறிப் போனால் ஊரே பார்க்கட்டும் என்று. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அந்த மஞ்சள் பெயின்ட்தான்.

ஜூலை 13

திருத்தம். இந்த விவாத இழையின் இன்னொரு கிளையில், தமிழ்நாட்டில் இலவச அரிசி 2008-ல் வந்தது என்று எழுதிவிட்டேன். அப்பா படித்துவிட்டுத் திருத்தினார். 2008 செப்டம்பரில் வந்தது ஒரு ரூபாய் அரிசி. முழுக்க இலவசமானது 2011 ஜூனில். "ஒரு ரூபா அரிசிக்குச் சில்லறை கொடுத்து மாளல, இலவசம்னதும் முதல்ல சந்தோஷப்பட்டது நான்தான்" என்று சொல்லச் சொன்னார்.

ஜூலை 20

நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அம்மாவுக்கு 71 வயது. அட்டையில் அம்மா பெயரும் என் பெயரும் மட்டும், அப்பா பெயர் இதில் இல்லை. வழக்கமாக நான்தான் விரல் வைப்பேன். என் வலது கை ஆட்காட்டி விரலில் அரிவாள்மனை வெட்டி கட்டுப் போட்டிருக்கிறேன். சரி, அம்மா வைக்கட்டும் என்று போனோம்.

அம்மாவின் விரலில் ரேகை இல்லை. நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த கை. முதலில் வலது ஆட்காட்டி விரல், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி, சிவப்பு. கட்டை விரல், சிவப்பு. விற்பனையாளர் சின்னப் பெண். "பாட்டி, தலையில தேச்சுட்டு வைங்க" என்றாள். தலையில் எண்ணெய்ப் பசை இருக்குமே, அதற்காக. அம்மா நரைத்த தலையில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். பின்னால் இருபது பேர். ஐந்தாவது தடவை அம்மாவின் கை நடுங்கியது. நடுங்கினால் இன்னும் படியாது.

விரல் படியவில்லை என்றால் போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி., அல்லது அட்டையை ஸ்கேன் செய்து கொடுக்கலாம், யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. கண் கருவிழியைப் படிக்கும் கருவியும் பல கடைகளில் இருக்கிறது. இந்தக் கடையில் இருந்த கருவி வேலை செய்யவில்லை. கடைசியில் என் இடது கை விரலில் பில் வந்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை. விரல் இல்லாமல் பில் போட்டால் ஏன் இத்தனை பில் அப்படிப் போட்டாய் என்று அவளைத்தான் கேட்பார்களாம்.

வழியில் அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "என் கை எனக்கே சாட்சி சொல்லல பாரு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

ஜூலை 21

போலி அட்டையை ஒழிக்க விரல் ரேகை தேவைதானே என்று கேட்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை என்று சரிபார்க்க, அட்டை கொடுக்கும்போது ஒரு தடவை ஆதாரைப் பார்த்தால் போதும். எடையைக் குறைக்கிறவரை மாதாமாதம் வைக்கும் விரல் தடுக்காது. நாம் விரல் வைத்த பிறகுதானே அவர் எடை குறைக்கப் போகிறார்?

2017-ல் ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தான ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றார் தாய், காய்ச்சல் என்றது அரசு. எதுவாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு மாதக்கணக்கில் அரிசி போகவில்லை. கடைசிக் கள்ள அட்டை வரை ஒழிப்பேன் என்று இறங்கினால் இப்படியும் நடக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

ஜூலை 27

இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. மனதில் ஒரு யோசனை உருண்டுகொண்டிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நலத்திட்டம் நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? எத்தனை டன் அனுப்பினோம், எத்தனை சதவீத அட்டைக்குப் பொருள் போனது. நான் ஒன்றே ஒன்றைத்தான் எண்ணச் சொல்வேன். ஓர் அட்டைக்குச் சேர வேண்டிய எல்லாப் பொருளும் சேர எத்தனை நடை ஆனது?

கூலி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நடை என்பது அரை நாள் கூலி. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்க மூன்று நடை போனால் அந்தப் பருப்பு என்ன விலை? சும்மா விட்டுவிடலாம் என்று தோன்றிவிடும். பலர் விட்டுவிடுகிறார்கள். மாதக் கடைசியில் "வாங்காதவர்கள்" என்று அவர்கள் கணக்கில் வருவார்கள், ஏதோ தேவையில்லாதவர்கள் மாதிரி.

ஆகஸ்டிலிருந்து எங்கள் தெருவில் ஆறு வீடு சேர்ந்து ஒரு நோட்டில் நடையைக் குறிக்கப் போகிறோம். தெருவில் பள்ளிக்குப் போகும் சந்தியாவின் நோட்டு, பின்பக்கம் காலியாக இருந்தது.

ஜூலை 28

"மிஷினிலேயே எல்லாம் இருக்கிறதே, நோட்டு எதற்கு" என்று கேட்டவர் சொல்வது நல்ல பாயிண்ட். ஒவ்வொரு பில்லுக்கும் தேதியும் நேரமும் உண்டு. 5-ஆம் தேதி அரிசி, 19-ஆம் தேதி பருப்பு என்றால் இரண்டு நடை என்று கணினி ஒரு நொடியில் சொல்லிவிடும். புதிதாக ஒரு பைசா செலவில்லை.

ஜூலை 28, இரவு

காலையில் எழுதியது பாதிதான் சரி. பொருள் வாங்கியவரின் நடைதான் மிஷினுக்குத் தெரியும். வெறுங்கையோடு திரும்பியவரின் நடைக்கு பில் கிடையாது. கடை பூட்டியிருந்தது, சர்வர் இல்லை, பருப்பு தீர்ந்துபோனது, வரிசை பெரிதாக இருந்தது, இவை எதுவும் பதிவாகாது. விரல் படியாமல் போனது வேண்டுமானால் எங்கோ ஒரு சர்வரில் பிழையாக இருக்கும். திரும்பி வந்தவரின் கால்வலி எந்த சர்வரில் இருக்கிறது? ஆகவே நோட்டு தேவை.

ஆகஸ்ட் 12

இன்று முதல்வர் ஸ்டாலின் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள் வரும். மாநிலம் முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. வாகனத்தில் தராசும் மிஷினும் கூடவே வரும்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நடையை எண்ணு என்று இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இங்கே நடையையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

எங்களுக்கு வராது. அட்டையில் என் பெயரும் இருக்கிறது, எனக்கு 70 ஆக இன்னும் நாள் இருக்கிறது. அது நியாயம்தான், நான் நடக்க முடிகிறவள்.

ஆகஸ்ட் 13

அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "வண்டிக்கு ஆள் யாரு?" என்று கேட்டார். அதே விற்பனையாளர், பொருளை எடை போட்டுக் கட்டித் தரும் அதே கட்டுநர். பல கடைகளில் கட்டுநரே கிடையாது, ஒரே ஆள்தான் பில்லும் போட்டு மூட்டையும் பிரிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு கடைப் பொறுப்பும் உண்டு. "நடையை எண்ணுறியே, எங்க நடையையும் சேர்த்து எண்ணு" என்றார். நான் எண்ணவில்லை. ஒத்துக்கொள்கிறேன். சங்க அலுவலகத்துக்கும் கிடங்குக்கும் அவர் சைக்கிளில் போய்வந்ததை இத்தனை நாள் ஒரு வரியில்கூட எழுதவில்லை.

ஆகஸ்ட் 31

நோட்டுக் கணக்கு. ஆறு வீடு, 17 நடை. அதில் வெறுங்கையோடு திரும்பியது 6. ஒரே நடையில் எல்லாம் வாங்கியது ஒரே ஒரு வீடு, அது கடைக்கு எதிர்வீடு! லாரி இறங்குவதைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வெறுங்கையோடு திரும்பிய 6-ல் 4 நடை, பருப்பு வந்துவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பிப் போனது. பொருள் இருக்கிறதா இல்லையா என்று வாசலில் ஒரு பலகையில் எழுதியிருந்தாலே போதும். எழுதவேண்டும் என்று விதியே இருக்கிறது. பலகையும் இருக்கிறது, அதில் மார்ச் மாத இருப்பு அழியாமல் இருக்கிறது.

செப்டம்பர் 2

டோக்கன் பற்றி. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணம் 1000 ரூபாய் கொடுத்தபோது வீடு தேடி டோக்கன் கொடுத்தார்கள். இன்ன தேதி, இன்ன நேரம் என்று அதில் இருந்தது. 2021-ல் 2000, 2000 ஆக இரண்டு தவணை கொடுத்தபோதும் டோக்கன். பொங்கல் பரிசுக்கும் டோக்கன். எங்கள் கடையில் பொங்கலுக்கு யாரும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. அதே கடை, அதே ஆள், அதே மிஷின். பிப்ரவரி பிறந்ததும் பழைய தள்ளுமுள்ளு.

மாதாமாதம் டோக்கன் அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பது வீண் வேலை என்று ஒருவர் சொன்னார். அச்சடிக்க வேண்டாம். இன்னின்ன தெருவுக்கு இன்னின்ன நாள் என்று வருடத்துக்கு ஒரு முறை ஒட்டினால் போதும். ஆனால் ஒன்று, எங்கள் தெருவின் நாளுக்கு முன்னால் எல்லாப் பொருளும் கடைக்குள் வந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு அப்படி வருகிறது, அதனால்தான் டோக்கன் வேலை செய்கிறது. ஒதுக்கீட்டில் பாதிப் பருப்பை முதல் வாரமும் மீதியை 20-க்கு மேலும் அனுப்பினால் எந்த டோக்கனும் காப்பாற்றாது.

செப்டம்பர் 7

பேச்சு எங்கோ போய்விட்டது, ஆனாலும் பதில் சொல்கிறேன். "காரில் வந்து ரேஷன் வாங்குகிறார்கள், எல்லோருக்கும் எதற்கு" என்கிற கேள்வி. 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் எல்லோருக்கும் என்பதை விடவில்லை. அரிசி வேண்டாம் என்பவர்கள் சர்க்கரை அட்டைக்கும், எதுவும் வேண்டாம் என்பவர்கள் பொருளில்லா அட்டைக்கும் மாறிக்கொள்ளலாம்.

காரில் வருகிறவரை நிறுத்த ஒரு கோடு போட்டால், யார் எந்தப் பக்கம் என்று எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பார்க்க எத்தனை நடை? எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு பெண், வருமானச் சான்றுக்கு நடந்ததை நான் அறிவேன். அரிசிக்கும் அப்படி நடக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் வசதியானவர்களும் அதே வரிசையில் நிற்பதால்தான் அரிசியில் நெடி வந்தால் கடையில் சத்தம் வருகிறது. ஏழைகள் மட்டும் நின்றால் அந்தச் சத்தம் யார் காதுக்கும் எட்டாது.

செப்டம்பர் 14

நேற்று பக்கத்துத் தெருப் பாட்டிக்கு வீட்டுக்கே ரேஷன் வந்தது. தனியாக இருப்பவர், 78 வயது. நான் போய் நின்று பார்த்தேன். சின்ன சரக்கு வண்டி, அதில் அதே விற்பனையாளர்ப் பெண். பாட்டியின் விரல் இரண்டாவது தடவையில் படிந்தது. படியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் பின்னால் நிற்காமல் வைத்ததாலோ என்னவோ. 12 கிலோ அரிசியைப் பாட்டியின் பழைய எவர்சில்வர் டிரம்மிலேயே கொட்டிக்கொடுத்தாள். பாட்டி அவளை விடவில்லை, மோர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். "இன்னும் பதினாலு வீடு இருக்கு பாட்டி" என்று சொல்லிக்கொண்டே குடித்தாள்.

அப்பா கேட்டதை நான் அவளிடம் கேட்டேன். அன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினாளாம். அவளுடைய நடையை நோட்டில் தனிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

செப்டம்பர் 20

கடைக்குப் போகவே முடியாத தன் அம்மாவுக்கு என்ன வழி என்று கேட்டவருக்கு: அங்கீகாரச் சான்று என்று ஒரு படிவம் உண்டு. முதியவர், உடல்நலம் இல்லாதவர் சார்பில் இன்னார் வாங்கலாம் என்று எழுதிக் கொடுப்பது. கடையிலேயே கேளுங்கள், தரவில்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கே கொடுத்தால் சீக்கிரம் முடியும். புகாருக்கு 1967 என்ற தொலைபேசி எண்.

அக்டோபர் 1

செப்டம்பர் நோட்டு: ஆறு வீடு, 13 நடை. வெறுங்கை 2.

எதனால் குறைந்தது என்றால், ஆகஸ்ட் கணக்கை ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடமே கொடுத்தோம். புகாராக இல்லை, பாரும்மா என்று. படித்துவிட்டு, பலகையை நனைத்த துணியால் துடைத்தாள். சாக்பீஸ் இல்லை என்றாள். சந்தியா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள். இன்று காலையில் அந்தப் பலகையில் இப்படி இருந்தது: "அரிசி உண்டு. சர்க்கரை உண்டு. பருப்பு 8-ஆம் தேதி. எண்ணெய் 8-ஆம் தேதி."

நான் 8-ஆம் தேதி போகிறேன்.